ஸ்ட்ராபெரி கொண்டு முதல் கிராஃப்கியூஎல் ஏபிஐ: மொரீஷியஸ் கோவில் பட்டியலை வைத்து ஒரு பாடம்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அன்று காலை கைபேசியைத் திறப்பவருக்கு எந்தக் கோவிலில் எத்தனை மணிக்குக் காவடி புறப்படுகிறது என்று தெரிந்தால் போதும். தலவரலாறும் படங்களும் அப்போது வேண்டாம். செயலி சர்வரிடம் தகவல் கேட்டுப் பெறும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். அதில் வழக்கமான வகையான ரெஸ்ட் ஏபிஐயில் பெரும்பாலும் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். கிராஃப்கியூஎல்லில் கேட்டது மட்டும் வரும். ஃபேஸ்புக் 2012-இல் தன் மொபைல் செயலிக்காக உருவாக்கி, 2015-இல் திறமூலமாக வெளியிட்ட வினவல் மொழி இது.

பைத்தானில் இதற்குக் கிராஃபீன், அரியாட்னி என்று வேறு நூலகங்களும் உண்டு. தொடங்குபவர்களுக்கு நான் ஸ்ட்ராபெரியைத்தான் சொல்வேன். டைப் ஹின்ட் (ஒரு மதிப்பு எந்த வகை என்று நிரலில் எழுதும் குறிப்பு) எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கீழே நிரல் வரிகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: நிறுவுதல்

விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்தத் திட்டத்துக்கான தனிப் பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்கி, பைத்தானின் நிறுவியான பிப் மூலம் ஸ்ட்ராபெரி-கிராஃப்கியூஎல், வலைச் செயலி எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ, அதை ஓட்டும் சர்வரான யுவிகார்ன் மூன்றையும் நிறுவுங்கள். முதல் பெயரை நடுவில் ஹைஃபனோடு முழுதாகப் போட வேண்டும்.

படி 2: டைப் வரையறை

மெயின்.பை என்ற கோப்பில், இம்போர்ட் ஸ்ட்ராபெரி என்ற வரிக்குக் கீழே:

@ஸ்ட்ராபெரி.டைப்
கிளாஸ் கோவில்:
    பெயர்: எஸ்டிஆர்
    ஊர்: எஸ்டிஆர்
    புறப்பாடு: எஸ்டிஆர்
    தொலைபேசி: எஸ்டிஆர் | நன்

கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். எஸ்டிஆர் என்றால் எழுத்து மதிப்பு, நன் என்றால் மதிப்பே இல்லை. இரண்டில் எதுவும் வரலாம் என்கிறது அந்த வரி. வெறும் எஸ்டிஆர் என்று எழுதினால், "இந்த மதிப்பு கட்டாயம் இருக்கும்" என்று ஏபிஐ வாக்குக் கொடுக்கிறது. சிறிய கோவில் ஒன்றுக்குத் தொலைபேசி எண் இல்லை என்று வையுங்கள். யாராவது அந்தப் புலத்தை (பெயர், ஊர் போன்ற ஒவ்வொரு வரியும் ஒரு புலம்) கேட்டால் வாக்கு பொய்த்துப் பிழை எழும். அதோடு நிற்காது. பிழை அந்தக் கோவிலையும், அதை வைத்திருக்கும் பட்டியலையும் தாண்டி மேலே ஏறி, பதில் முழுவதையும் வெறுமையாக்கிவிடும். ஒரு கோவிலுக்கு எண் இல்லாததால் தீவின் எல்லாக் கோவில்களும் திரையிலிருந்து காணாமல் போகும். இத்தனைக்கும் எச்டிடிபி நிலை 200 என்றே வரலாம். பதிலில் உள்ள எரர்ஸ் பகுதியையும் பார்க்கப் பழகுங்கள். எந்தப் புலம் காலியாக இருக்கலாம் என்பதை நிரல் எழுதுமுன்பே கோவில்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

புலப்பெயர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பைத்தான் தமிழ்ப் பெயர்களை ஏற்கும், கிராஃப்கியூஎல் ஏற்காது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். நம் ஊர்ப் பெயர்களில் வரும் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளுக்கும் இடமில்லை. ஆனால் மதிப்புகளுக்கு இந்தத் தடை கிடையாது. கோவில் பெயரை நல்ல தமிழிலேயே சேமியுங்கள்.

படி 3: கேள்விக்குப் பதில் தரும் ஃபங்ஷன்

@ஸ்ட்ராபெரி.டைப்
கிளாஸ் குவெரி:
    @ஸ்ட்ராபெரி.ஃபீல்ட்
    டெஃப் கோவில்கள்(செல்ஃப், ஊர்: எஸ்டிஆர்) -> லிஸ்ட்[கோவில்]:
        ரிட்டர்ன் [க ஃபார் க இன் பட்டியல் இஃப் க.ஊர் == ஊர்]

பட்டியல் என்பது இப்போதைக்கு நீங்களே நிரப்பிய ஒரு சாதாரண லிஸ்ட். டேட்டாபேஸ் பிறகு வரட்டும்.

படி 4: ஓட்டிப் பார்த்தல்

ஸ்ட்ராபெரி.ஸ்கீமாவுக்கு (ஏபிஐயிடம் என்னென்ன கேட்கலாம் என்ற வரைவு) இந்தக் குவெரியைக் கொடுங்கள். கிடைப்பதை கிராஃப்கியூஎல்ரவுட்டரில் வைத்து, ஃபாஸ்ட்ஏபிஐ செயலியோடு /கிராஃப்கியூஎல் என்ற முகவரியில் இணையுங்கள். யுவிகார்னை ஓட்டி, உலாவியில் 8000-ஆம் போர்ட்டில் அந்த முகவரியைத் திறந்தால் கிராஃபிக்கல் என்ற சோதனைப் பலகை வரும். அதில்:

{
  கோவில்கள்(ஊர்: "குவாட்ர் போர்ன்") {
    பெயர்
    புறப்பாடு
  }
}

பதிலில் பெயரும் நேரமும் மட்டும் இருக்கும். புறப்பாடு வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சர்வரில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் பதில் சுருங்கும்.

படி 5: பொதுவில் விடுமுன்

ஊருக்குத் தனி டைப் வைத்து, ஊருக்குள் கோவில்கள், கோவிலுக்குள் ஊர் என்று பின்னால் இணைக்கத்தான் போகிறீர்கள். அப்போது யார் வேண்டுமானாலும் ஊர், கோவில், ஊர், கோவில் என்று முடிவில்லாமல் உள்ளே போகும் கேள்வியை அனுப்பிச் சர்வரைத் திணறடிக்கலாம். ஸ்கீமாவின் எக்ஸ்டென்ஷன்களில் (கூடுதல் இணைப்புகள்), கேள்வியின் ஆழத்துக்கு வரம்பு போடும் குவெரிடெப்த்லிமிட்டரைச் சேர்த்து, மேக்ஸ் டெப்த்தை 5 என்று வையுங்கள். இந்தச் சிறிய ஏபிஐக்கு அந்த ஆழம் தாராளம்.