ஓப்பன் பேக் ஹெட்போன் வாங்கப் போறீங்களா, மொதல்ல ஃபேன நிறுத்திட்டு ஒக்காந்து பாருங்க

போன வருசம் பார்சல பிரிச்சு மேசைல வச்சிருக்கேன், பக்கத்து வீட்டு அண்ணாச்சி உள்ள வந்தாவ. கைல எடுத்து அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பாத்துட்டு, "என்னவே, ரெண்டு பக்கமும் மூடியவே காணோம், வெறும் வலையா இருக்கு, ஓட்டப் பீஸ தள்ளி விட்டுட்டானா?"ன்னு கேட்டாவ. அவிய கேட்டதுல தப்பே இல்ல, இதுல விசயமே அந்த ஓட்டதான்.

ஹெட்போனுக்குள்ள இருக்குற டிரைவர், அதாவது அந்தச் சின்ன ஸ்பீக்கர், முன்னாடி காதுக்குத் தார சத்தத்த அதே அளவுக்கு பின்னாடியும் தள்ளும். மூடி இருந்தா அந்தப் பின் சத்தம் கப்புக்குள்ள மோதித் திரும்பி வந்து காதுல விழும், அதான் மலிவான மூடுன ஹெட்போன்ல பாட்டு டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருக்கது. ஓப்பன் பேக்ல பின்பக்கம் வலைதான், அந்தச் சத்தம் பாட்டுக்கு வெளிய போயிரும். சென்ஹைசர் 1968ல மஞ்ச ஸ்பாஞ்ச் வச்சு ஹெச்டி 414னு ஒண்ணு விட்டான், இந்த ரகமே அதுல இருந்துதான் ஆரம்பிச்சுது. சத்தம் நம்மளச் சுத்தி விரிஞ்சு கேக்குறதுக்கு சவுண்ட்ஸ்டேஜ்னு பேரு, சவுண்ட்ஸ்டேஜ் சவுண்ட்ஸ்டேஜ்னு ஆளாளுக்கு அளந்து விடுவாங்க, கண்ண மூடுனா எதிர்ல மேடையே தெரியும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, சத்தம் தலைக்குள்ள அடையாம ஒரு சாண் ரெண்டு சாண் வெளிய போகும், அம்புட்டுதான், ஆனா அந்த ரெண்டு சாணுக்கே ஒருதடவ பழகிட்டா திரும்ப மூடுனதப் போட மனசு வராது.

இப்ப இதுக்கு நாம குடுக்க வேண்டிய விலை என்னன்னா, உள்ள இருக்க சத்தம் வெளிய போற மாதிரியே வெளிய இருக்கதும் அப்படியே உள்ள வரும். வாங்கணும்னு நெனைக்கவங்க எல்லாருக்கும் நான் சொல்லுதது ஒண்ணுதான், மாடல் தேடுறதுக்கு முன்னால இன்னைக்கு ராத்திரி நீங்க எந்த எடத்துல எந்த நேரத்துல பாட்டு கேப்பீங்களோ அங்கன போய் காதுல ஒண்ணும் மாட்டாம பத்து நிமிசம் சும்மா ஒக்காருங்க. என்னல்லாம் கேக்கோ அது அத்தனையும் ஹெட்போன் போட்ட பெறவும் கேக்கும். எங்க வீடு பாளையங்கோட்டைல, சாய்ங்காலம் ஏழுல இருந்து பத்து வரைக்கும் அடுக்களைல மிக்ஸி, பக்கத்து வீட்ல சீரியல், தெருவுல பைக்கு, நடுவுல நாய்ச் சண்ட வேற. கோயில் கொடைத் திருவிழா வந்துட்டா கேக்கவே வேண்டாம், குழாய் ஸ்பீக்கர் நம்ம ஹெட்போனோட சேந்து பாடும். எனக்கு கிடைக்கது ராத்திரி பத்தரைக்கு மேல, இல்லனா காலைல அஞ்சு மணிக்கு முன்ன, அவ்ளோதான். உங்களுக்கு அப்படி ஒரு மணி நேரங்கூட கிடைக்காதுன்னா தயவுசெஞ்சு மூடுன ஹெட்போனே வாங்குங்க, இதுல காசப் போட்டுட்டு பெறவு வருத்தப்படாதீங்க.

ஃபேனப் பத்தி யாருமே எழுத மாட்டேங்காங்க, வெளிநாட்டுக்காரன் ரிவ்யூல ஃபேனே கெடையாது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல ஃபேன அஞ்சுல வைக்காம ஒக்கார முடியுமா. அந்தக் காத்துச் சத்தத்துல பாட்டுல இருக்க மெல்லிசான சங்கதியெல்லாம் அமுங்கிரும், நாம என்ன செய்வோம், வால்யூம ஏத்துவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுத கணக்குப்படி 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 ஆயிட்டா வாரத்துக்கே 4 மணி நேரந்தான். பத்து டெசிபல் ஏத்துறது சாதாரணமா நடக்குற காரியம், அதனால வால்யூமத் தொடாம ஃபேனக் கவனிங்க. நான் டேபிள் ஃபேன தள்ளி வச்சு காலுக்கு மட்டும் காத்து வர்ற மாதிரி திருப்பிக்கிட்டேன். இன்னொண்ணு, சீலிங் ஃபேன கொறச்சு வச்சா அமைதியாயிரும்னு நெனைப்பீங்க, எலக்ட்ரானிக் ரெகுலேட்டரா இருந்தா ரெண்டு மூணுல வைக்கும்போது மோட்டார் 'ம்ம்ம்'னு முனகும், அது அஞ்சுல வாற காத்துச் சத்தத்த விட எரிச்சல்.

சத்தம் வெளிய போறதையும் சொல்லிருதேன். வாங்குன மொத வாரம் ராத்திரி பதினோரு மணி, நான் பாட்டுக்கு தவில் தனியாவர்த்தனம் கேட்டுட்டு இருக்கேன், உள் ரூம்ல இருந்து வீட்டுக்காரி "ஏங்க, எங்க கொட்டடிக்காவ இந்நேரத்துல?"ன்னு எந்திச்சு வந்துட்டா. ஒரே ரூம்ல பிள்ளையோ வயசானவங்களோ தூங்குனா இது ஆகாது. பஸ்லயும் ஆபீஸ்லயும் போடவே கூடாது, இது வீட்டுச் சாமான்.

நேரமும் எடமும் இருக்குன்னு முடிவாயிட்டா அடுத்தது நீங்க என்ன கேப்பீங்கங்கது. ஆங்கிலப் பாட்டு வச்சு டெஸ்ட் பண்ணுன ரிவ்யூவப் பாத்து வாங்காதீங்க. எனக்கு அளவுகோல் வில்லுப்பாட்டு, சிரிக்காதீங்க, நல்லா ரெக்கார்ட் பண்ணுன ஒரு வில்லுப்பாட்டுல எல்லாமே இருக்கு. வில்லுல கட்டியிருக்க மணி வீசுகோல் படும்போது குலுங்குதுல்ல, அது ஒவ்வொரு மணியா பிரிஞ்சு கேக்கணும், அதே நேரம் காதக் குத்தவும் கூடாது, குத்துச்சுன்னா அந்த ஹெட்போன்ல ட்ரெபிள், அதாவது கீச்சுன்னு வர்ற மேல் சத்தம், தூக்கல்னு அர்த்தம். குடத்து வாயில தட்டும்போது ஒரு 'கும்' வருமே, அது அடிச்ச ஒடனே நிக்கணும், கொழகொழன்னு இழுத்துட்டுக் கெடக்கக் கூடாது. உடுக்கை இறுக்கித் தளத்தும்போது சத்தம் வளையுறது தெரியணும். நடுவுல புலவர் குரலும் பின்பாட்டுக்காரங்க குரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்கணும்.

அதுக்கு நேர் எதிரா காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் மாதிரி பழைய பதிவு மட்டுந்தான் கேப்பேன்னா கொஞ்சம் யோசிங்க. அவிய காலமானது 1964ல, பதிவெல்லாம் மோனோ, ரெண்டு காதுலயும் ஒரே சத்தந்தான் வரும், எம்புட்டு காஸ்ட்லி ஓப்பன் பேக் போட்டாலும் மேடை விரியாது. ஆனா அந்தக் கனத்த நாதம் மூச்சு முட்டாம கேக்கும், அதுக்கு வேணும்னா வாங்கலாம், விரியும்னு வாங்கக் கூடாது. ஸ்டீரியோவுல வந்த எம்பதுகளோட இளையராஜா பாட்டுன்னா இந்த ரகத்துக்குன்னே பொறந்தது, பேஸ் கிட்டார் தனியா ஒரு பாதைல நடந்து போறதக் கேக்கலாம். அதிரடி பேஸ், நெஞ்சுல குத்துற டிரம்ஸ்தான் வேணும்னா இது வேண்டாம். பின்பக்கம் தெறந்து கெடக்கதால ரொம்ப கீழ் பேஸ் நிக்காது, சாதா டைனமிக் டிரைவர்ல அது எறங்கிரும். பிளானார்னு ஒரு ரகம் இருக்கு, மெல்லிசான சவ்வுல கம்பிப் பாதை ஓட்டி காந்தத்துக்கு நடுவுல வச்சிருப்பான், அதுல பேஸ் இன்னும் கீழ வரைக்கும் ஒழுங்கா போகும், ஆனாலும் குத்து கம்மிதான்.

மாடல்னு பாத்தா பெரிய லிஸ்ட் போட எனக்கு இஷ்டமில்ல. குரல், வீணை, வயலின்தான் முக்கியம்னா சென்ஹைசர் ஹெச்டி 600, 1997ல வந்தது, இன்னும் விக்கான்னா காரணம் அந்த நடுப்பகுதிதான், அதாவது பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவுல குரல் வர்ற எடம், பாடுறவங்க பக்கத்துல வந்து ஒக்காந்துருவாங்க. 2003ல வந்த ஹெச்டி 650 அதே குடும்பம், கொஞ்சம் இருட்டு, அதாவது ட்ரெபிள் அமுங்கி இருக்கும், ராத்திரி ரொம்ப நேரம் கேக்கவங்களுக்கு எதம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவுல ட்ரெபிள் தூக்கல்ங்கது ஊரறிஞ்ச சங்கதி, நான் சொன்ன வில்லு மணி அதுல ஊசி மாதிரி வரும், சில பேருக்கு அதான் புடிக்கும், எனக்கு ஆகாது. ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ பிளானார்ல கொறஞ்ச விலைல கிடைக்குறது, கனம் 390 கிராம். நான் வச்சிருக்கது ஹெச்டி 560எஸ், 240 கிராம், மேளதாளம் எல்லாம் நடுநிலையா இருக்கும், பழைய மோசமான பதிவ மோசமாவே காட்டும், அது ஒரு கொற. ஓப்பன்னா என்னன்னு ருசி மட்டும் பாக்கணும்னா கோஸ் போர்ட்டா ப்ரோ போதும், 1984ல இருந்து அதே உருவத்துல வருது, காதுக்கு மேல ஸ்பாஞ்ச் வச்ச குட்டிச் சாமான்.

ஓம்ஸ், அதாவது ஹெட்போன் கரண்டுக்குக் காட்டுற தடை, அதப் பாத்து பயப்படாதீங்க. 300 ஓம்னா போன்ல கேக்காது, 32 ஓம்னா கேக்கும்னு ஒரு புரளி சுத்திட்டு இருக்கு. ஓம்ஸோட சென்சிடிவிட்டியையும், அதாவது குடுக்க கரண்டுக்கு எம்புட்டு சத்தம் வரும்ங்கதையும், சேத்துப் பாக்கணும், அதுலயும் ஒரு தில்லுமுல்லு உண்டு, ஒருத்தன் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தன டெசிபல்னு போடுவான், இன்னொருத்தன் ஒரு வோல்ட்டுக்குப் போடுவான். டிடி 990 ப்ரோ 250 ஓம்ல 96னு இருக்கும், ஹெச்டி 560எஸ் 120 ஓம்ல 110னு இருக்கும், பாத்தா 14 டெசிபல் வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனா மொதல்ல சொன்னது மில்லிவாட் கணக்கு, ரெண்டாவது வோல்ட் கணக்கு. 250 ஓம்ல ஒரு வோல்ட் குடுத்தா 4 மில்லிவாட், அது 6 டெசிபல் கூட, ஆக 102. நெஜமான வித்தியாசம் எட்டுதான். போன்ல சொருகி ஹெட்போன மாட்டுற டாங்கிள், அது ஒரு வோல்ட் தார மாதிரி இருந்தா 560எஸ்ஸுக்கு வீட்ல அது தாராளம், டாங்கிள்ல அர வோல்ட்டுதான் வருதுன்னா 6 டெசிபல் கொறையும். அதனால மொதல்லயே ஹெட்போனோட சேத்து சத்தத்தக் கூட்டுற ஆம்ப், டிஜிட்டல் பாட்ட சத்தமா மாத்துற டிஏசின்னு ஆயிரக்கணக்குல எறக்காதீங்க, கையில இருக்கதுல கேட்டுட்டு, வால்யூம முழுசா ஏத்தியும் பத்தலனா அப்பப் பாருங்க. லேப்டாப்ல மாட்டுறவங்களுக்கு ஒண்ணு, ரெண்டு பின் சார்ஜர்ல எர்த் கெடையாது, இரும்பு பாடில கை வச்சா லேசா குறுகுறுங்கும், அது சில நேரம் ஹெட்போன்ல இரைச்சலா வரும், சார்ஜரப் புடுங்கிட்டா போயிரும். இது தெரியாம ஹெட்போன ரிட்டன் போட்டவங்க உண்டு.

அப்புறம் தலை. நம்ம ஊர்ல தலைக்குத் தேங்கா எண்ணெ வைக்காத ஆளு உண்டா, அது காதுல படுற மெத்தை, அதான் பேடு, அதுலயும் மேல்பட்டைலயும் ஊறிரும். ரெக்சின் மாதிரி பேடு எண்ணெயும் வேர்வையும் பட்டா தோல் உரிஞ்சு கறுப்புத் தூள் காதோரம் ஒட்டும். வெல்வெட் துணி பேடு வேர்வைய உறிஞ்சும், கழத்தி சோப்புத் தண்ணில அலசி நெழல்ல காயப் போட்டா திரும்ப ஆகும், நம்ம வெக்கைக்கு அதான் சரி, பேடு கழட்ட வருமா, மாத்துப் பேடு தனியா கிடைக்குமான்னு பாத்து வாங்குங்க. ஹெச்டி 600 புதுசுல தலையப் புடிச்சு நெருக்கும், நாள் போகப் போகத் தளரும். கண்ணாடி போடுறவங்க, ஜிமிக்கி போடுறவங்க அர மணி நேரமாவது மாட்டிப் பாத்துதான் சொல்லணும்.

மாட்டிப் பாக்க எங்கன போக, அதான் பிரச்சன. திருநெல்வேலி ஜங்ஷன்லயும் டவுன்லயும் நான் அலைஞ்ச வரைக்கும் கேட்டுப் பாத்து வாங்குற மாதிரி ஒரு கட கிடைக்கல, எல்லாம் ஆன்லைன்தான். அதனால விலைக்கு முன்னால ரிட்டன் பாலிசியப் படிங்க, 'மாத்தித் தருவோம்'ங்கதும் 'பணம் திருப்பித் தருவோம்'ங்கதும் வேற வேற, மாத்துனா அதே மாடல்தான் திரும்ப வரும், காது வலிச்சா என்ன செய்ய. இங்க செல்லுற வாரண்டியா, பில்லு இருக்கான்னு பாருங்க, பிரிக்கும்போதே வீடியோ எடுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குனா இன்னும் சூதானம். இதுக்கு முன்ன நான் ஒண்ணு அப்படி வாங்குனேன், புதுசு மாதிரி இருக்குன்னு சொல்லித்தான் வித்தாரு, வந்து பாட்டப் போட்டா எடது பக்கம் குடம் அடிக்கும்போதெல்லாம் 'ட்ர்ர்'ங்கு. டிரைவர் கிழிஞ்சு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். பேடக் கழத்திப் பாத்தா உள்ள ஒரு நீள முடி, சுருண்டு போய் மெல்லிசா இருக்க அந்தச் சவ்வுல நுனி தொட்டுட்டு இருக்கு. இடுக்கியால மெல்ல எடுத்தேன், சத்தம் போச்சு. அதுலருந்து பழசு விக்கவங்ககிட்ட, 20 ஹெர்ட்ஸ்ல இருந்து மேல ஏறுற ஸ்வீப் சத்தத்த அவங்களையே போட்டு ரெண்டு காதுலயும் கேட்டுச் சொல்லச் சொல்லிதான் பேரம் பேசுதேன்.

வல வச்ச சாமானுக்கு தூசிதான் எமன். ஆனி ஆடில மேக்க இருந்து அடிக்கிற காத்து என்னத்தையெல்லாம் கொண்டாந்து போடும்னு நமக்குத் தெரியும், காலைல தொடச்ச மேசைல மத்தியானம் பேரெழுதலாம். ஜன்னல் பக்கம் ஆணியடிச்சு மாட்டி வைக்காதீங்க. பழைய வேட்டில கிழிச்ச துணி, அதான் எங்க வீட்ல கவர், கேட்டு முடிச்ச ஒடனே சுத்தி அலமாரிக்குள்ள வச்சிருவேன், அதுக்குள்ள ஒரு தடவ எறும்பு போயிருந்துச்சு, அன்னைல இருந்து மேசைல முறுக்கு தின்னுட்டே பாட்டு கேக்குறத நிறுத்திட்டேன்.