கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன் வீட்டைத் தயார்படுத்துங்கள்

கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்துவிட்டார்களா? சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் உடல் தகிப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். உதிரப்போக்கு அதிகம் இருந்தவர்கள் ஹீமோகுளோபினையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வீடு. சுமார் 6 வாரம் கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், ஈரத்துணி வாளி, இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தை எல்லாமே கனம்தான். தினம் புழங்கும் பாத்திரம், பருப்பு டப்பாக்களைக் குனியாமல் எட்டும் உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். குடம் யார் தூக்குவது என்று இப்போதே வீட்டில் பேசி முடியுங்கள். "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்று நம் பெண்கள் பத்தாம் நாளே அடுப்படிக்குப் போவது எனக்குப் பெரிய வருத்தம். வெளிக்காயம் ஆறினாலும் உள்ளே ஆறியிருக்காது.

படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமல் வந்தால் சின்னத் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், தையல் அவ்வளவாக இழுக்காது. மலச்சிக்கல் வராமல் தண்ணீர், கீரை, பழம். வீட்டுக்குள் மெதுவாக நடங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது முக்கியம்.

லேசான கசிவு சில வாரம் இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.