ஃப்ளைட் தூரம், டிராவல் டைம் ரெண்டையும் நீங்களே கணக்கு போடுறது எப்படி

டிக்கெட்ல கிளம்புற டைம் சாயங்காலம் 5 மணி, இறங்குற டைம் அதே நாள் காலைல 10 மணின்னு இருந்தா தப்பா போட்டுட்டாங்கன்னு பதறாதீங்க, டோக்கியோல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் போறப்ப நடுவுல தேதிக்கோட்ட (பசிபிக் கடல்ல தேதி மாறுற கற்பனைக் கோடு) தாண்டுறதால இப்படித்தான் வரும். டிக்கெட்ல இருக்கிறது எல்லாமே அந்தந்த ஊரு லோக்கல் டைம், நேரா கழிக்கவே கூடாது. ரெண்டையும் முதல்ல யூடிசிக்கு, அதாவது உலகம் முழுக்க பொதுவா வச்சிருக்கிற நேரத்துக்கு மாத்திக்கோங்க. டோக்கியோ யூடிசிய விட 9 மணி நேரம் முன்னாடி, அப்போ சாயங்காலம் 5ங்கிறது யூடிசில காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்துல 8 மணி நேரம் பின்னாடி, அங்க காலை 10னா யூடிசில சாயங்காலம் 6. இப்ப கழிங்க, 10 மணி நேரம், அதான் உண்மையான டிராவல் டைம். கோடைல லாஸ் ஏஞ்சலஸ்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, டோக்கியோல அது கிடையாது, அதனால 8க்கு பதிலா 7 போடணும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

டிக்கெட்டே இன்னும் போடலன்னா தூரத்துல இருந்து ஆரம்பிங்க. தட்டையான மேப்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டா வேலைக்கு ஆகாது, பூமி உருண்டைங்கிறதால குறைஞ்ச தூரம் மேப்ல வளைஞ்சுதான் தெரியும், லண்டன் டு நியூயார்க் ரூட் வடக்கு பக்கமா ஏறி இறங்குறது அதனாலதான். வீட்ல குளோப் இருந்தா ஒரு நூல எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல இறுக்கிப் பிடிச்சு பாருங்க, நூல் தானா அந்த ரூட்ல போய் உக்காரும். அந்த நீளத்த பூமத்திய ரேகைய சுத்தி வர்ற நீளத்தோட ஒப்பிடுங்க, முழு சுத்து சுமார் 40,000 கிலோமீட்டர். துல்லியமா வேணும்னா கூகுள் எர்த்ல தூரம் அளக்கிற டூல் இருக்கு.

தூரம் கிடைச்சதும் 850ஆல வகுங்க (ஃப்ளைட் மணிக்கு சுமார் இத்தனை கிலோமீட்டர் போகும்), டேக்ஆஃப், லேண்டிங், ரன்வேக்கு ஊர்ந்து போற டாக்ஸின்னு அரை மணி நேரம் சேருங்க. லண்டன் நியூயார்க் சுமார் 5,540 கிலோமீட்டர், கணக்குப்படி 7 மணி நேரம் வரும். ஆனா மேல ஜெட் ஸ்ட்ரீம் காத்து மேற்குல இருந்து கிழக்கா அடிக்குது, அதனால நியூயார்க் போறப்ப எதிர்காத்துல ஏழரை எட்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர்றப்ப ஆறரை ஏழுல முடிஞ்சிடும். குளிர்காலத்துல இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

ரூட் திறந்திருக்கான்னும் பாருங்க, இது ரொம்ப முக்கியம். 2022ல ரஷ்ய வான்வெளி மூடினதும் ஹெல்சிங்கி டோக்கியோ ஃப்ளைட் ஒன்பதரை மணி நேரத்துல இருந்து சுமார் 13 மணி நேரத்துக்கு போயிடுச்சு, ஊரு ரெண்டும் அதே இடத்துலதான் இருக்கு. அதனால கடைசியா ஃப்ளைட் டிராக்கிங் ஆப்ல அதே ஃப்ளைட் நம்பர் போன வாரம் நிஜமா எவ்வளவு நேரம் பறந்துச்சுன்னு பாத்துட்டு கனெக்‌ஷன் டிக்கெட் போடுங்க.