ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வியாழக்கிழமையே தயாராவது எப்படி

கோலாலம்பூரில் கத்தோலிக்கக் கோயில்களில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பீடத்துக்குப் பூ வைப்பது, பீடத் துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது, திருநாளன்று நாசி லெமாக் பொட்டலம் கட்டுவது எல்லாம் பெண்கள் நாம்தான். வழிபாட்டைப் பற்றிக் கூட்டம் போட்டால் மட்டும் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

"இதெல்லாம் பெண்களுக்கு எதற்கு" என்று யாராவது ஆரம்பித்தால் அதிகம் வாதாட வேண்டாம். எல்லா விசுவாசிகளும் வழிபாட்டில் உணர்ந்து, முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் பணிகளைச் சட்டப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டார். மறையுரை (பிரசங்கம்) குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது, அதில் கை வைக்காதீர்கள்.

முதலில் வாசகம், அதாவது பூசையில் படிக்கும் விவிலியப் பகுதி. வியாழக்கிழமை இரவு சத்தமாக ஒருமுறை படித்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக இன்னொரு அக்காவுக்கு அனுப்புங்கள். அவருக்கு எங்கே புரியவில்லையோ அங்கேதான் நீங்கள் வேகமாகப் படித்து ஓடியிருப்பீர்கள். தூய ஆவி பெருவிழாவில் "பார்த்தரும் மேதியரும் எலாமியரும்" என்று வரும் பட்டியலில் தடுக்காதவர் யார்? தமிழ்ப்பள்ளிக்குப் போகாத நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நன்றாகப் பழகினால் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கடைசி வரி முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு "ஆண்டவரின் அருள்வாக்கு" சொல்லுங்கள்.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் திருப்பாடலான பதிலுரைப் பாடலுக்குப் பதில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பக்திப் பாட்டைப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம், விதிப்படியும் அது கூடாது. பல்லவி மெட்டு, முன்வரிசைப் பாட்டி ஒரு தடவை கேட்டதும் திருப்பிப் பாடுகிற மாதிரி இருந்தால் போதும்.

அப்புறம் மன்றாட்டு, அதாவது எல்லோர் தேவைக்காகவும் மக்கள் சேர்ந்து வேண்டும் செபம். பெண்கள் உடனே ஏதாவது செய்யக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆண்டு முழுக்க ஒரே அச்சுத் தாளைப் படிக்கிற பங்குக் கோயில்களில், பக்கத்து வீட்டில் நடப்பது எதுவும் பீடத்துக்குப் போவதே இல்லை. வரிசை எளிது: திருச்சபை, நாடும் உலகமும், துன்பப்படுகிறவர்கள், நம் பங்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி. "ஏழைகளுக்காக" என்று பொதுவாக விடாமல் இப்படி எழுதிப் பாருங்கள்: "இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு இப்போது தூங்குகிற தந்தையருக்காகவும், எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் எங்கள் பிள்ளைகளுக்காகவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." அதே நேரம் மன்றாட்டை வைத்து யாரையும் குத்திக்காட்டாதீர்கள். நான் முதன்முதலில் எழுதியது ஒன்பது வரி, அதில் தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு இடியும் இருந்தது. பாதியிலேயே என் மாமியார் உட்கார்ந்துவிட்டார்.

ஃபாதரிடம் போய் "வழிபாட்டைப் புதுப்பிக்கப் போகிறோம்" என்று நிற்காதீர்கள், பயந்துவிடுவார். "அடுத்த மாதம் முதல் ஞாயிறு மன்றாட்டை எங்கள் அன்பியப் பெண்கள் எழுதட்டுமா?" என்று கேளுங்கள் (அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு). தாளை வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையில் கொடுத்துவிடுங்கள், சனிக்கிழமை அவரைப் பிடிக்க முடியாது.