ரோட் ஐலண்ட் முதலாம் ரெஜிமென்ட்: ஒரு படைப்பிரிவின் சேவை வரலாற்றைத் தொகுக்கும் முறை

அமெரிக்கப் புரட்சிப் போரில் பணியாற்றிய ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டின் வரலாற்றைத் தொகுக்க விரும்புவோர் பெரும்பாலும் சண்டைகளைப் பட்டியலிடத் தொடங்கிவிடுகின்றனர். முதலில் பட்டியலிட வேண்டியவை பெயர்கள். ரோட் ஐலண்ட் முதலாம் ரெஜிமென்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் வார்னம் 1775இல் திரட்டியபோது அது அவர் பெயராலேயே வழங்கியது. 1776இல் ஒன்பதாம் கான்டினென்டல் ரெஜிமென்ட் ஆனது. 1777இல்தான் நாம் அறிந்த பெயரைப் பெற்றது. 1781இல் இரண்டாம் ரெஜிமென்ட்டுடன் இணைக்கப்பட்டு, எண் இல்லாத ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்டாக மாறியது. ஒரே பெயரைத் தேடுபவரின் கண்ணில் பாதி ஆவணங்கள் படவே படாது. ஆகவே ஆண்டு, பெயர், தளபதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எப்போதும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பட்டியல்களுக்கு வாருங்கள். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் பற்றிய தீயில் பல பதிவுகள் அழிந்தன. எஞ்சியவையும் பின்னர் சேகரிக்கப்பட்டவையும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள சிறு குறிப்பைப் பொறுமையாகப் படியுங்கள். 'ஆன் கமாண்ட்' என்று எழுதியிருந்தால் அந்த வீரர் படைக்குத் தலைமை தாங்கினார் என்று கொள்ளக் கூடாது. தனிப் பணிக்காக முகாமுக்கு வெளியே அனுப்பப்பட்டிருந்தார் என்பதே அதன் பொருள். இது புரியாமல் போனால், ஒரு சண்டையில் இல்லாதவரை அதில் நிறுத்திவிடுவோம்.

1778ஆம் ஆண்டுப் பட்டியல்களுக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. அவ்வாண்டு பிப்ரவரியில், அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என்று ரோட் ஐலண்ட் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. உரிமையாளர்களுக்கு 120 பவுண்டு வரை இழப்பீடும் வழங்கியது. ஜூன் 10க்குப் பிறகு அச்சட்டத்தின்படி ஆள் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டது. இவ்வாறு சேர்ந்தவர்களில் பலர் உரிமையாளரின் குடும்பப் பெயரிலேயே பதிவாயினர். எழுத்தர்களோ ஒரே பெயரைப் பலவாறு எழுதினர். எழுத்து வேறுபடுவதாலேயே இருவர் என்று முடிவு செய்யாமல், கம்பெனி எனப்படும் ரெஜிமென்ட்டின் உட்பிரிவையும் படையில் சேர்ந்த தேதியையும் ஒப்பிடுங்கள். ஆகஸ்ட் 29 அன்று ரோட் ஐலண்ட் சண்டையில், பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட ஜெர்மானியப் படையினரான ஹெஸ்ஸியர்களின் தாக்குதல்களை முறியடித்து நின்றவர்கள் இவர்களே என்பதால், ஒவ்வொருவரையும் அவரவர் பெயரோடு மீட்டெடுப்பது நம் கடமை என்று கருதுகிறேன்.

ஓய்வூதிய மனுக்களைக் கடைசியாகப் பாருங்கள். 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனு செய்த முதியவர்கள், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சேவையை நீதிமன்றத்தில் நினைவிலிருந்து கூறினர். ஆண்டு பிசகலாம், ஆற்றையும் கோட்டையையும் அதிகாரியையும் அவர்கள் எளிதில் மறப்பதில்லை. 1781 மே 14 அன்று குரோட்டன் ஆற்றருகே இந்த ரெஜிமென்ட்டின் தளபதி கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் கொல்லப்பட்டதைப் போன்ற, தேதி உறுதியான நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்த்தால், மனுவில் சொல்லப்படும் காலத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

1781இல் பிரிட்டிஷ் படை சரணடைந்த யார்க்டவுனோடு வரலாற்றை முடித்துவிடாதீர்கள். 1783 பிப்ரவரியில் பிரிட்டிஷார் வசமிருந்த ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்கப் பனியில் நடந்த இவ்வீரர்கள், வழி தவறி, சண்டையே இன்றித் திரும்பினர். சிலரின் பாதங்களைக் கடுங்குளிர் சிதைத்தது. அந்த மாதத்தையும் எழுதுங்கள். ஜூன் மாதம் சரடோகாவில் அவர்கள் படையிலிருந்து விடுவிக்கப்பட்டதையும் எழுதுங்கள்.