மர நிழலில் மஞ்சள் பூ: பல்லாண்டுச் சூரியகாந்தி வளர்க்கும் முறை

சூரியகாந்தி என்றால் ஆளுயரத் தண்டும் தட்டு அகலப் பூவும்தான் நம் நினைவுக்கு வரும். விதை முற்றியதும் காய்ந்துவிடும் ஒரு பருவத்துச் செடி அது. அதன் பல்லாண்டு உறவினர்கள் சிலர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் உண்டு. அவற்றில் ஹீலியாந்தஸ் டைவாரிகேட்டஸ் என்ற இனத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்; ஆங்கிலத்தில் இதை ‘உட்லண்ட் சன்ஃப்ளவர்’, அதாவது காட்டுச் சூரியகாந்தி என்பார்கள். காட்டின் ஓரத்திலும், மரங்கள் விலகி வெயில் விழும் இடங்களிலும் தானாக வளர்வது. உயரம் 60 முதல் 180 செ.மீ. வரை போகும், பூ 5 செ.மீ. அகலம்தான். குளிர்காலத்தில் தரைக்கு மேலே உள்ளதெல்லாம் பட்டுப்போய், வசந்தத்தில் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். உறைபனி விழும் ஊர்களுக்கு ஏற்ற செடி.

இதை வளர்க்கப் பெரிய திறமை தேவையில்லை. கட்டுக்குள் வைக்கத்தான் கவனம் வேண்டும்.

1. இடம் பார்ப்பது

பெயரில் காடு இருக்கிறதே என்று அடர்ந்த நிழலில் வைத்துவிடாதீர்கள். வெயிலைத் தேடித் தண்டு சாயும், பூவும் குறையும். தினமும் மூன்று நான்கு மணி நேரமாவது வெயில் படும் மர ஓரம் போதும். தண்ணீர் தேங்காத, சுமாரான மண்ணே இதற்குப் பிடிக்கும்.

மண்ணுக்கடியில் இதன் தண்டுகள் அருகம்புல் மாதிரி படுக்கையாக ஓடி, அங்கங்கே புதுக் குருத்து விடும். சிறிய பாத்தியில் மென்மையான செடிகளுக்கு நடுவே வைத்தால் இரண்டு மூன்று வருடங்களில் பாத்தியே இதனுடையதாகிவிடும். ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் மரம் என்று எல்லை உள்ள இடமாகப் பாருங்கள். துணைக்கு ஆஸ்டர், கோல்டன்ராட் போல ஈடுகொடுக்கும் செடிகள் சரிப்படும்.

2. விதையா, நாற்றா?

அவசரமென்றால் நாற்று வாங்கி வசந்தத்தில் 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் நட்டுவிடுங்கள். வாங்கும்போது இலையைப் பார்க்க மறக்க வேண்டாம். டைவாரிகேட்டஸில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். காம்பு இருப்பதே தெரியாது, இலை நேராகத் தண்டில் ஒட்டியிருக்கும். மேல்புறம் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், தண்டோ வழவழப்பாக இருக்கும். இலைக்கு நல்ல நீளமான காம்பு இருந்தால் அது பெரும்பாலும் ஈரமண் விரும்பும் டெகாபெடலஸ் என்ற வேறு இனம்.

விதைக்கு ஈரத்தோடு கூடிய குளிர் தேவை. ஈர மணலில் விதையைக் கலந்து ஒரு பையில் போட்டு, ஃபிரிட்ஜில் நான்கு முதல் எட்டு வாரம் வையுங்கள். மணலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். இந்தச் சிரமம் வேண்டாமென்றால் இலையுதிர் காலத்தில் வெளியிலேயே விதைத்து, அணில் கிளறாமல் மேலே கம்பி வலை போட்டுவிடலாம். குளிர்காலமே வேலையை முடித்துத் தரும். விதையிலிருந்து வந்த செடி பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான் பூக்கும். முதல் வருடம் கீழே வேர்தான் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

3. தண்ணீர், உரம்

முதல் பருவத்தில் மழை இல்லாத வாரம் ஒரு தடவை ஆழமாக ஊற்றுங்கள். அப்புறம் கடும் வறட்சிக்கு மட்டும் போதும். உரம் வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து முதல் காற்றிலேயே சாயும்.

4. நுனி வெட்டுவது

பலர் விட்டுவிடும் வேலை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில், செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுங்கள். ஒரு இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கொஞ்ச நாளில் அந்த இரண்டு இலைக் கக்கங்களிலிருந்தும் ஆளுக்கொரு கிளை புறப்படும். ஒரு தண்டு இரண்டாகி, செடி குட்டையாகப் புதர்போல நிற்கும். பூ சற்றுத் தாமதமாகவும் சிறியதாகவும் வரும், ஆனால் எண்ணிக்கை கூடும். வழக்கமாகப் பூப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை.

5. தொல்லைகள்

கோடை முடிவில் இலையில் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். செடி சாகாது. இலை நனையாமல் அடியில் தண்ணீர் ஊற்றி, நெருக்கமான தண்டுகளைக் கலைத்துவிட்டால் போதும். முட்கள் நிறைந்த கறுப்புப் புழுக்கள் இலையை அரித்தால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். சில்வரி செக்கர்ஸ்பாட் என்ற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகளாக இருக்கலாம். மானும் முயலும் இளங்குருத்தைக் கடிக்கும். தண்டு முற்றும்வரை வலை கட்டுங்கள்.

6. வருடாந்திர வேலை

பூ உதிர்ந்ததும் தலைகளை நறுக்கிவிட வேண்டாம், கோல்ட்ஃபின்ச் குருவிகள் விதை தின்ன வரும். காய்ந்த தண்டுகள் குளிர்காலம் முழுக்க நிற்கட்டும். வசந்தத் தொடக்கத்தில் 30 செ.மீ. அடிக்கட்டையை விட்டு வெட்டினால் போதும், சில காட்டுத் தேனீக்கள் அந்தத் தண்டுக்குள் கூடு வைக்கும்.

அதே சமயத்தில் எல்லை தாண்டி வந்த குருத்துகளைப் பிடுங்கிவிடுங்கள். அடித்தண்டு ஆழத்தில் ஓடாது, மண்வெட்டியால் விளிம்பு நெடுக ஒரு வெட்டு வெட்டினால் துண்டுகள் கையோடு வந்துவிடும். குருத்தும் வேரும் சேர்ந்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. நண்பருக்குக் கொடுக்கும்போது இது பரவும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.