மேக்குக்கும் விண்டோஸுக்கும் ஒரே பிளாப்பி

பழைய மேக், விண்டோஸ் கணினி இரண்டிலும் ஒரே பிளாப்பியைப் போடவேண்டுமா? 1.44 எம்பி பிளாப்பியை விண்டோஸில் ஃபார்மட் செய்யுங்கள். சூப்பர்டிரைவ் (1.44 எம்பி பிளாப்பியைப் படிக்கும் மேக் பிளாப்பி டிரைவ்) உள்ள மேக் அதைப் படிக்கும், மேக்கின் இயங்குதளமான சிஸ்டம் 7.5 இருந்தால் தனி மென்பொருள்கூட வேண்டாம்.

மேக்கின் பழைய 800 கேபி பிளாப்பிதான் சிக்கல். மேக் அதை உள்வட்டம், வெளிவட்டத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிச் சுழற்றி எழுதியது. பிசி டிரைவ் ஒரே வேகத்தில்தான் சுற்றும், படிக்க முடியாமல் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்! உள்ளே அப்பாவின் கடிதங்கள் இருக்கலாம், குழந்தையின் முதல் ஓவியம் இருக்கலாம்.

நான் எந்தப் பிளாப்பியையும் அடுத்த கணினியில் போடுமுன், மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிடுவேன். பிறகு எதுவும் அதில் எழுத முடியாது, வைரஸும் தொற்றாது.